மௌன வாரத்தில் ஒரு கோடு

மே 19, திங்கள்

இன்று காலை ஒன்பது மணிக்கு மௌன வாரம் தொடங்கியது. பெயர் நான் வைத்ததுதான். ஏழு நாளைக்கு, கதிர்களை எண்ணும் எங்கள் பெட்டியின் பக்கத்தில் கதிரியக்கம் உள்ள எதுவும் வரக் கூடாது. சும்மா இருக்கும்போது அது தானாக எவ்வளவு முணுமுணுக்கிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். வாழைப்பழத்துக்குக்கூடத் தடை போட்டிருக்கிறேன். அதிலுள்ள பொட்டாசியம் துளியூண்டு கதிர் விடும். “ஒரு பூவன்பழம் தின்னா நட்சத்திரம் கோவிச்சுக்குமுங்களா மேடம்?” என்று சென்னியப்பன் கேட்டார். கோவித்துக்கொள்ளும் என்றேன்.

நானும் அவரும் பதினோரு வருடமாகக் கட்டிய பெட்டி இது. ஜூலையில் சுவீடனின் வடகோடியில் ராட்சத பலூனில் கட்டி நாற்பது கிலோமீட்டர் உயரத்துக்கு அனுப்பப்போகிறோம். அங்கிருந்து அது காசியோப்பியா நட்சத்திரக் கூட்டத்தின் பக்கம் வெடித்துச் சிதறிய ஒரு நட்சத்திரத்தின் மிச்சத்தைப் பார்க்கும். அங்கே எதிர்ப்பொருள் இருக்கிறதா என்பது கேள்வி. பாசிட்ரான் என்கிற எதிர்ப்பொருள் துகள் ஒரு சாதாரண எலக்ட்ரானைத் தொட்டால் இரண்டும் சாகும். சாகும்போது 511 என்கிற ஒரே ஆற்றலில் கதிர் விடும். திரையில் அந்த இடத்தில் கோடு எழுந்தால் எதிர்ப்பொருள் இருக்கிறது என்று அர்த்தம்.

ஜூன் 9 அன்று பெங்களூரிலிருந்து ஆய்வுக் குழு வருகிறது. அவர்கள் தலையாட்டினால் பெட்டி விமானம் ஏறும். இல்லாவிட்டால் பலூனில் எங்கள் இடம் வேறு குழுவுக்குப் போய்விடும். அடுத்த வாய்ப்பு வருவதற்குள் நான் ஓய்வு பெற்று வீட்டில் பருப்பு புடைத்துக்கொண்டிருப்பேன்.

வீட்டில் சுடருக்கு மாங்காய் வாங்கிப் போக வேண்டும். ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து வந்த மகள், வந்த நாளிலிருந்து புளிப்பு புளிப்பு என்கிறாள்.

மே 21

பெட்டி சமர்த்தாக இருக்கிறது. 511-இல் எப்போதும் உள்ள சின்ன மேடு மட்டும்தான்.

என் வீட்டுக்காரர் நாச்சிமுத்துவின் கால்சட்டை இடுப்பில் நிற்கவில்லை. பெல்ட்டில் ஆணியால் புதிய ஓட்டை போட்டுக்கொண்டிருந்தார். ஆறு மாதமாக நட நட என்று நான் விரட்டியது பலித்திருக்கிறது. “எப்படி, என் பேச்சைக் கேட்டா கெட்டா போனீங்க?” என்று கேட்டேன். சிரித்தார். தூக்கத்தில் வேர்த்து பனியனை மாற்றுகிறார். மின்விசிறியின் கண்டென்சரை மாற்றச் சொல்ல வேண்டும்.

அவர் நில அளவைத் துறையில் இருக்கிறார். மே மாதம் வந்தால் தாலுகா ஆபீசில் ஜமாபந்தி. கணக்குகளையெல்லாம் சரிபார்க்கும் திருவிழா. முன்னே பின்னே வீட்டுக்கு வருவார், நானும் கேட்க மாட்டேன்.

மே 22

மாங்காய் மறந்துவிட்டேன். சுடர் பேசவில்லை.

மே 23, வெள்ளி

அதிசயம். மதியம் இரண்டரைக்கு வாசல் காவலர் கூப்பிட்டு, “சார் வந்திருக்காருங்க” என்றார். ஜமாபந்தி சீக்கிரம் முடிந்துவிட்டதாம். பார்வையாளர் அறையில் உட்கார்ந்து கையில் ஒரு பெரிய தண்ணீர் பாட்டிலோடு பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

“வீட்டுக்குப் போக வேண்டியதுதானுங்களே? சுடர் தனியா இருப்பாளே.”

“இல்ல அம்மிணி, உன்னோடயே சேர்ந்து போலாம்னு.”

இருபத்தெட்டு வருடத்தில் இல்லாத காதல். மூன்று மணி நேரம் காத்திருந்தார். ஐந்து நாற்பதுக்குக் கிளம்பினோம். வழியெல்லாம் தண்ணீர் குடித்தார். நாலு மணிக்கு மேல் எங்கள் கேன்டீனுக்குப் போய்ப் பஜ்ஜி தின்றாராம், எண்ணெய் சரியில்லையாம். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை எழுதிவைக்க ஏன் கூச்சம்?

மே 24

பெட்டி கெட்டுவிட்டது. அல்லது யாரோ கெடுத்துவிட்டார்கள்.

நேற்று மதியம் 511-இல் வழக்கத்தைப் போல நூறு மடங்கு எண்ணிக்கை. மாலைக்குள் ஒன்றுமே நடக்காதது போலப் பழைய நிலைக்கு வந்துவிட்டது. ஐந்து நாள் மௌனம் போச்சு.

பெட்டியைச் சோதிக்க நாங்கள் வைத்திருக்கும் சோடியம் வில்லை ஒன்றுண்டு. அது பாசிட்ரான் விடும். ஈயப் பெட்டிக்குள் பூட்டிவைக்க வேண்டியது சென்னியப்பன் பொறுப்பு. வெளியே வைத்துவிட்டார் என்று எனக்குத் தோன்றியது. தோன்றியதை எல்லோர் முன்னாலும் சொன்னேன். கொஞ்சம் உரக்கத்தான்.

“வில்லையை நான் தொடவே இல்லீங் மேடம். பூட்டுன பூட்டு அப்படியே இருக்குதுங்.”

“அப்ப பேயா வந்து எடுத்துச்சு?”

அவர் சாவியை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

மே 26

கேபிள்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினேன். மின்வழங்கியை மாற்றினேன். ஒன்றும் அகப்படவில்லை. திரும்ப ஏழு நாள் மௌனம் இருக்க நேரமில்லை. இருந்தாலும் குழு விடாது: “அன்றைக்கு என்ன நடந்தது? பலூனில் போகும்போது அது நடக்காது என்பதற்கு என்ன உத்தரவாதம்?” என்று கேட்கும். நானாக இருந்தாலும் அதைத்தான் கேட்பேன்.

இரவுச் சாப்பாட்டில் வீட்டுக்காரர் இரண்டு இட்லியோடு எழுந்துவிட்டார். நானும் சரியாகச் சாப்பிடவில்லை. சுடர் எங்கள் இருவரையும் பார்த்து, “இந்த வீட்டுல நான் மட்டும்தான் மனுசியா?” என்றாள்.

மே 28

சென்னியப்பன்மேல் தப்பில்லை.

சோடியமாக இருந்தால் 511 கோட்டோடு 1275-இலும் ஒரு கோடு வந்திருக்க வேண்டும். இரண்டும் இணைபிரியாதவை. 1275-இல் ஒன்றுமில்லை. முதல் நாளே பார்த்திருக்க வேண்டியது. முதலாம் ஆண்டு மாணவி இப்படிச் செய்தால் நான் கிழி கிழி என்று கிழித்திருப்பேன்.

அவரிடம் சொல்ல வேண்டும். இன்று அவர் எதிரே வந்தார். நான் கைபேசியில் ஏதோ பார்ப்பது போலக் குனிந்துகொண்டேன்.

மே 30

இத்தனை நாளும் மணிக்கணக்கில் கூட்டிவைத்த எண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இன்று நிமிட வாரியாகப் போட்டேன். 2.38-க்குச் செங்குத்தாக ஏறுகிறது. பிறகு அவசரமில்லாமல், அழகான வளைவாக இறங்குகிறது. 4.28-க்குப் பாதிக்கும் கொஞ்சம் கீழே. 5.38-க்கு வெட்டியது போல மறைகிறது.

நூற்றுப் பத்து நிமிடத்தில் பாதியாகும் பாசிட்ரான் பொருள் ஒன்றே ஒன்றுதான் புழக்கத்தில் இருக்கிறது. ஃபுளோரின்-18. ஆஸ்பத்திரியில் பெட் ஸ்கேன் எடுப்பவர்களுக்குச் சர்க்கரையோடு சேர்த்து நரம்பில் ஏற்றுவார்கள். உடம்பில் எங்கே புற்று இருக்கிறதோ அங்கே அது போய்க் கூடும். அங்கிருந்து 511 வெளியே வரும். அதைத்தான் ஸ்கேன் படம் பிடிக்கிறது. நட்சத்திரத்தில் நான் தேடுவதும் மனித உடம்பில் அவர்கள் தேடுவதும் ஒரே கோடு.

ஆக, யாரோ ஒருவர் கோயமுத்தூரில் ஸ்கேன் எடுத்துக்கொண்டு நேராக இங்கே வந்திருக்கிறார். பெட்டி கெடவில்லை! துள்ளிக் குதிக்காத குறை. வாசல் பதிவேட்டைப் பார்த்தேன். அன்று மதியம் வெளியாட்கள் மூன்று பேர். கூரியர்காரர், இரண்டு நிமிடம். ஏசி மெக்கானிக். அப்புறம் நம் வீட்டு ஆள்.

மெக்கானிக்காகத்தான் இருக்கும். பாவம், சின்ன வயது.

மே 31

ஏசி கம்பெனிக்குப் போன் செய்தேன். மெக்கானிக்கையே லைனில் கொடுத்தார்கள். உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டேன். “நல்லா இருக்கேனுங்க்கா, ஏனுங்க?” என்றார். ஸ்கேன் ஏதாவது எடுத்தீர்களா? “எனக்கு எதுக்குங்க்கா?” மூன்றரைக்கே கிளம்பிவிட்டாராம்.

பொய் சொல்கிறாராக இருக்கும். நோயை யார் வெளியே சொல்வார்கள்?

மூன்றரைக்குப் போனவர் எப்படி 5.38 வரை கோடு போடுவார் என்று புரியவில்லை. தலை வலிக்கிறது. சட்டைகளை இஸ்திரி போட்டேன். வீட்டுக்காரருடைய ஏழு சட்டை. எல்லாம் காலர் பெரிதாகிவிட்டது போல இருக்கிறது.

ஜூன் 1

வளைவில் ஒரு பள்ளம் இருக்கிறது. நேற்றே பார்த்தேன், எழுதவில்லை. 4.10 முதல் 4.18 வரை கோடு இல்லவே இல்லை. எட்டு நிமிடம் கழித்துத் திரும்ப வருகிறது.

எங்கள் கேன்டீனுக்குப் போய் இரண்டு பஜ்ஜி தின்றுவிட்டு வர எட்டு நிமிடம் ஆகும்.

பார்வையாளர் அறைக்கும் பெட்டி இருக்கும் கூடத்துக்கும் நடுவே ஒரு சுவர்தான்.

ஜூன் 2

காலையில் அவர் பின்பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். நானும் போய் நின்றேன்.

“ஏனுங்க, இருபத்து மூணாந்தேதி ஜமாபந்திதானா?”

கிளிப்பை மாட்டிக்கொண்டே இருந்தார். அப்புறம், “எப்படித் தெரிஞ்சுது?” என்றார்.

“பெட்டி சொல்லிச்சு.”

“கெட்டிக்காரப் பெட்டிதான்.”

முதலில் நான் சொன்னதை இங்கே மறைக்கக் கூடாது. “மௌன வாரத்துல அந்த உடம்போட ஏங்க என்ற கூடத்துக்குப் பக்கத்துல வந்து உட்கார்ந்தீங்க?” என்றுதான் கத்தினேன். என்ன நோய் என்று கேட்கவில்லை. பெட்டிக்காகத்தான் முதலில் கத்தினேன். இதை நினைத்தால் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

அவர் கோபிக்கவில்லை. “ஊசி போட்டுட்டு ஆறு மணி நேரம் மாசமா இருக்கறவங்க பக்கத்துல போகாதீங்கன்னாங்க. வீட்டுல சுடர் இருக்கறா. எங்க போறது? சினிமாக் கொட்டாய்க்குப் போலாம்னு பார்த்தேன். அங்கயும் எவளாச்சும் மாசமா இருந்தா? உன்ற ஆபீசுல சுவரெல்லாம் கெட்டியா இருக்குமேன்னு வந்தேன். உன்ற பெட்டிக்குத் தெரியும்னு எனக்கென்ன தெரியும்?”

நெஞ்சுக்குள்ளும் கழுத்திலும் நிணநீர்க் கட்டிகள். புற்றுதான். ஏப்ரலிலேயே சதை எடுத்துச் சோதித்திருக்கிறார்கள். மருந்து கேட்கும் வகை என்று டாக்டர் சொன்னாராம். நான் சுவீடன் போய் வந்த பிறகு ஆரம்பித்துக்கொள்ளலாம் என்று இவராகவே தள்ளிப் போட்டிருக்கிறார். “பதினோரு வருசம் பாடுபட்டிருக்கற. ரெண்டு மாசம் என்ற கட்டி பொறுத்துக்காதா?”

துணியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். ஈரத் துணி.

ஜூன் 4

சுடரிடம் சொன்னோம். அவள் அப்பாவை அடிக்கப் போனாள். பிறகு அவர் மடியில் தலை வைத்து மதியம் முழுக்கத் தூங்கினாள்.

டாக்டரைப் பார்த்தோம். ஒரு நாளும் தள்ளக் கூடாது என்றார். பன்னிரண்டாம் தேதி முதல் மருந்து.

பெட்டியைப் பற்றி யோசிக்கக் கூடாது என்று வைராக்கியமாக இருந்தேன். டாக்டரின் அறையில் உட்கார்ந்திருக்கும்போதே, கூடத்துச் சுவரின் தடிமன் எவ்வளவு என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது மனசு. நான் என்ன பிறவி?

ஜூன் 7

குழுவுக்கு, “அடையாளம் தெரியாத வெளி மூலத்தால் வந்தது” என்று அறிக்கை எழுதினேன். அவருடைய நோயைப் பெங்களூர்க்காரர்கள் முன்னால் படமாகப் போட்டுக் காட்ட எனக்கு மனமில்லை.

அவர் வாங்கிப் படித்தார். இங்கிலீஷ் அறிக்கையை நிதானமாக, நிலத்தின் புலப்படம் பார்ப்பது போல விரல் வைத்துப் படித்தார்.

“அடையாளம் தெரியாதுன்னா ஒத்துக்குவாங்களா?”

“மாட்டாங்க.”

“எங்காபீசுல எல்லைக்கல் எங்கயோ இருக்குதுன்னு எழுதிக் குடுத்தா தாசில்தார் மூஞ்சியில விட்டெறிவாரு.” எழுந்து போய் ஆஸ்பத்திரிச் சீட்டை எடுத்துவந்தார். அதில் மருந்து ஏற்றிய நேரம், அளவு எல்லாம் இருந்தது. “இத வெச்சுக் கணக்குப் போடு. உன்ற பெட்டி சரியாச் சொல்லுதான்னு தெரிஞ்சுபோவும்ல?”

அது எனக்குத் தெரியாதா? அந்தச் சீட்டு இருந்தால் பெட்டியை இதைவிட நன்றாக யாரும் நிரூபிக்க முடியாது. நான்தான் கேட்கவில்லை.

“வேண்டாங்க. உங்க நோவ வெச்சு நான் பரீட்சை பாஸ் பண்ணோணுமா?”

“வந்தது வந்துபோச்சு. ஒருத்தருக்காச்சும் அதுனால உபகாரமாவட்டும் அம்மிணி.”

ஜூன் 8

கணக்குப் போட்டேன். ஏற்றிய அளவு, கழிந்த நேரம், அவர் உடம்பு, சுவர், தூரம். பெட்டி காட்ட வேண்டிய எண்ணும் காட்டிய எண்ணும் நூற்றுக்கு எட்டு பங்குக்குள் ஒத்துப்போகின்றன. 3.20-க்கு வளைவில் இருக்கும் சின்னப் படி அவர் பாத்ரூம் போய்வந்தது. மருந்தில் கொஞ்சம் சிறுநீரோடு போய்விடும்.

“அதையுமா எழுதப் போற?” என்றார்.

“எழுதாட்டிப் படி எப்படி வந்துதுன்னு கேப்பாங்க.”

“சரி, எழுதிக்கோ. பஜ்ஜி எண்ணெய் சரியில்லைன்னும் எழுது.”

இருவரும் சிரித்தோம். நான் உள்ளே போய் அந்தக் கோட்டைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். இவ்வளவு சுத்தமான 511-ஐ என் வாழ்நாளில் பார்த்ததில்லை. பெருமையாக இருந்தது. பெருமைப்பட்டது பயமாக இருந்தது.

ஜூன் 9, திங்கள்

குழுவில் ஐந்து பேர். தலைவர் வெள்ளைத்தாடி, வார்த்தையை எடைபோட்டுப் பேசுகிறவர். வளைவைக் காட்டினேன்.

“மூலம் யாரென்று உறுதியாகத் தெரியுமா டாக்டர் தெய்வானை?” என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

“தெரியும் சார். என் கணவர்.”

சீட்டை நீட்டினேன். அவர் அதை வாங்கிப் பார்த்து, மடித்து, இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார். வேறு கேள்வி கேட்கவில்லை. பெட்டி தேறிவிட்டது.

சுவீடனுக்கு யார் போவது என்றார்கள். சென்னியப்பன் என்றேன். அவர் பின்வரிசையில் இருந்து எழுந்து நின்றுவிட்டார்.

வெளியே வந்ததும் அவரிடம், “அன்னிக்கு உங்களைத் திட்டுனது தப்புங்க சென்னியப்பன்” என்றேன். பதினாறு நாள் தொண்டையில் நின்றது.

“அத விடுங் மேடம். சார எப்படியாச்சும் பாத்துக்குங்க. பெட்டிய நான் பாத்துக்கறேன்.”

ஜூன் 12

முதல் மருந்து. ஆறு மணி நேரம் சொட்டியது. வாந்தி இல்லை. எனக்கு இருந்தது.

ஜூலை 11

பலூன் கிளம்பிவிட்டது. சென்னியப்பன் வீடியோவில் காட்டினார். என்னைக் கேட்காமல் பெட்டிமேல் குங்குமம் வைத்திருக்கிறார். இங்கே என் வீட்டுக்காரருக்கு முடி முழுக்கக் கொட்டிவிட்டது. இரண்டு பேருமாக ஒரே கைபேசியில் தலையை முட்டிக்கொண்டு பார்த்தோம். அங்கே இருந்திருக்க வேண்டும் என்று ஒரு நொடி ஏங்கினேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் சாம்பார் அடிப்பிடிக்கிறது என்று எழுந்துவிட்டேன். அன்று சாம்பாரே வைக்கவில்லை.

ஜூலை 29

பெண் குழந்தை. இரண்டு கிலோ எண்ணூறு. சுடர் நன்றாக இருக்கிறாள். தாத்தாவுக்குக் கிருமி தொற்றக் கூடாதென்று முகமூடி. குழந்தை அதைப் பிடித்து இழுக்கிறது.

ஆகஸ்ட் 6

சென்னியப்பன் முதல் கணக்கை அனுப்பினார். ஐந்து நாள் பறந்ததில் அந்த நட்சத்திர மிச்சத்திலிருந்து 511 கோடு இல்லை. பெட்டி நன்றாகத்தான் வேலை செய்திருக்கிறது. ஆனால் இல்லை.

எங்கள் தொழிலில் “ஒன்றுமில்லை” என்று எழுத உரிமை கிடையாது. “இந்த அளவுக்கு மேல் இருந்திருந்தால் பார்த்திருப்போம்” என்றுதான் எழுத வேண்டும். அதற்குக் கீழே இருக்கலாம். இருந்துகொண்டே நம் கண்ணில் படாமல் இருக்கலாம். இதை நூறு மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். பதினோரு வருடத்துக்கு இந்த ஒரு வரி. அழவில்லை. ஏன் அழவில்லை என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 13

மருந்து கேட்கிறதா என்று பார்க்க இன்று திரும்பவும் ஸ்கேன். இந்த முறை நானும் கூடப் போனேன். ஆயுள் முழுக்க அந்தக் கோடு தெரியட்டும் தெரியட்டும் என்று இருந்தவள், வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, தெரியக் கூடாது தெரியக் கூடாது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். யாரிடம் சொன்னேன் என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 14

டாக்டர் திரையைத் திருப்பிக் காட்டினார். மே மாதப் படமும் நேற்றைய படமும் பக்கத்தில் பக்கத்தில். மே மாதத்தில் அவர் கழுத்திலும் நெஞ்சிலும் வெளிச்சம் கொத்துக்கொத்தாக இருந்தது. என் பெட்டி பார்த்தது அதைத்தான். நேற்றைய படத்தில் மூளை தெரிகிறது, சிறுநீர்ப்பை தெரிகிறது. அவை எல்லோருடைய படத்திலும் தெரியுமாம். நெஞ்சு இருட்டாக இருக்கிறது.

“ஒண்ணுமில்லீங்க” என்றார் டாக்டர். “நல்லாக் கேட்டிருக்குது மருந்து. மிச்ச மருந்தையும் முடிச்சிரலாம்.”

என் வாய் சும்மா இருக்கவில்லை. “உங்க மெசின் எவ்வளவு சின்னதப் பார்க்கும் டாக்டர்? எத்தனை மில்லிமீட்டருக்குக் கீழ தெரியாது? எத்தனை நிமிசம் எடுத்தீங்க?”

டாக்டர் என்னைப் பார்த்தார், இவரைப் பார்த்தார். பதில் சொல்ல ஆரம்பித்தார். நாலு மில்லிமீட்டர், ஐந்து மில்லிமீட்டர் என்று ஏதோ. அப்போது இவர் என் கையைப் பிடித்தார். எலும்பும் தோலுமான கை, சூடாக இருந்தது.

“அம்மிணி, ஒண்ணுமில்லன்னா இன்னிக்கு ஒரு நாளைக்கு ஒண்ணுமில்லைதான்.”

அது தப்பு. எனக்குத் தெரியும் அது தப்பு என்று.

“சரிங்க” என்றேன்.